“தொடுவா” என்று கத்தாத ஆபீஸ்

பழவங்காடியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கடைகளுக்கு ரசீது போடும் மென்பொருள் எழுதுகிறோம். அதில் ரசீது, இருப்பு என்று இரண்டு பகுதிகள். இரண்டும் நம்பியிருக்கும் பொதுப் பகுதி ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குவது, அதாவது பில்ட் எடுப்பது, டீம் லீடரின் லாப்டாப்பில் மட்டும்தான் நடக்கும். அவர் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரர். நானும் அவரும் தமிழில்தான் பேசுவோம்; ஆனாலும் ஆபீஸில் மற்றவர்கள் மலையாளத்தில் கூப்பிடும் வழக்கப்படி எனக்கும் அவர் அக்கா இல்லை, சேச்சி. அவருடைய தங்கைக்குக் கல்லிடைக்குறிச்சியில் கல்யாணம் வந்தது.

“மண்டபத்துல மடில லாப்டாப் வெச்சுண்டு உக்காந்தேன்னா, அம்மா அதைத் தூக்கித் தாமிரபரணில எறிஞ்சுடுவா,” என்றார்.

நான் சேர்ந்து சில மாதம்தான். தயங்கவில்லை. யார் எதை மாற்றி அனுப்பினாலும் சர்வரே பில்ட் செய்து, சோதித்து, சரியென்றால் பச்சை, உடைந்தால் சிவப்பு காட்டும்படி ஒரு பைப்லைன் அமைக்கிறேன், நீங்கள் கையை வீசிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொதுப் பகுதியில் கை வைக்கும் முன் எழுந்து நின்று, தொடப்போகிறேன் என்பதை மலையாளத்தில் “தொடுவா” என்று கத்த வேண்டும். உடனே மற்றவர்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அது பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருந்தது. பைப்லைன் வந்த அன்றே, இனி யாரும் கத்த வேண்டாம் என்று அறிவித்தேன். எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில், தனித்தனியாக பில்ட் ஆயின. வேகமென்றால் அப்படியொரு வேகம். எல்லாம் பச்சை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்துப் பார்த்த ரசீதில் விலை இருந்தது, பொருளின் பெயரைக் காணோம்.

கிளம்பத் தயாராக இருந்த சேச்சி லாப்டாப் சார்ஜரைத் தேட ஆரம்பித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பைப்லைன் குறித்து வைத்திருந்த லாகைப் படித்தேன். பொதுப் பகுதியில் பெயர் வரும் இடத்தை ஒருவர் மாற்றியிருந்தார். அந்த பில்ட் முடிவதற்குள் ரசீதுப் பகுதி பழையதை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தது. இவ்வளவு காலம் அந்தக் கத்தல்தான் மற்றவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது! அதையே பைப்லைனில் எழுதினேன். பொதுப் பகுதியைத் தொட்டால் மற்ற இரண்டும் வரிசையில் நிற்கும். அது பச்சையானதும் புதியதை எடுத்து மறுபடி பில்ட் ஆகும். சோதித்துப் பார்க்க, வேண்டுமென்றே இருவரை ஒரே சமயத்தில் மாற்றங்களை அனுப்பச் சொன்னேன். ரசீதில் பெயர் வந்தது. சேச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாப்டாப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

முகூர்த்தத்தன்று சிவப்பு விழுந்தது. இருப்புப் பகுதியில் யார், எந்த வரியில் உடைத்தார் என்பதை பைப்லைனே சொன்னது; அவரே சரிசெய்தார். டீக்குப் போகுமுன் பச்சை.

மதியம் சேச்சியின் போன்.

“ஏதாவது உடைஞ்சுதா?”

“உடைஞ்சுது சேச்சி. உடனே செரியாக்கியாச்சு.”

“என்னை ஏன் கூப்பிடல?”

“கூப்பிட ஒண்ணும் இல்லையே.”

பின்னால் பந்திச் சத்தம் கேட்டது.

“கூப்பிட்டிருக்கலாம்டா,” என்றார். “மாப்பிள்ளையோட அத்தைகிட்ட மாட்டிண்டேன். எழுந்து வர ஒரு சாக்காவது கிடைச்சிருக்கும்.”