ஓரகத்தி வயலில் கறுப்புக் குழாய்

ஊரில் அவளை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தக்காளி பழுக்குமுன்னே பறித்துக்கொண்டு சந்தைக்கு ஓடுவாள். மருந்துக் கடையில் நாலு பேர் நின்றால் காய்ச்சலோடு வீடு திரும்பிவிடுவாள்.

புருஷனும் அவன் அண்ணனும் பாகம் பிரித்ததில் ஆளுக்கு ஒரு ஏக்கர் வந்தது. கிணறு பொது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி, அதிர்ந்து பேசாதவள். அந்த அமைதியே அவசரத்துக்கு எரிச்சல்.

அந்தக் கோடையில் ஓரகத்தி வயலில் கறுப்புக் குழாய்கள் சாலுக்குச் சால் நீண்டன. சொட்டுத் தண்ணீரில் அவள் மிளகாய்ச் செடிகள் தளதளவென்று நிற்க, இந்தப் பக்கம் தக்காளி தலைதொங்கிப் போயிற்று. இந்தக் குழாய்க்கு அரசாங்க மானியம் வாங்கினவர்கள் பட்டியலை வேளாண்மை அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதாக உரக்கடைக்காரர் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தாள். ஏழாவது வரியில் ஓரகத்தி. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"யாரையோ கைக்குள்ள போட்டுத்தான் வாங்கியிருப்பா," என்றாள் புருஷனிடம்.

"நாம எப்பவாவது கேட்டோமா?"

"கேட்டா அப்படியே தூக்கிக் குடுத்துடுவாங்களாக்கும்!"

மானியக் கோப்புகளைப் பார்க்க யாரும் மனுக் கொடுக்கலாம் என்று பட்டியலின் அடியிலேயே அச்சிட்டிருந்தது. அன்றே எழுதிக் கொடுத்தாள். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. ஓரகத்தி வீட்டிலிருந்து எத்தனை கூடை மிளகாய் போகிறது, அவள் புதுச் செருப்பு என்ன விலை இருக்கும் என்று இதே யோசனை. கிணற்றடியில் பார்த்தால் ஓரகத்தி எப்போதும்போல, "நீ முதல்ல பாய்ச்சிக்கம்மா, எனக்குக் கொஞ்சம் போதும்," என்பாள். அதைக் கேட்டு இன்னும் எரியும்.

ஒன்றரை மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து காகிதக் கட்டு வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து பிரித்தாள். சிபாரிசுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. முதல் வருஷம் நில வரைபடம் இல்லையென்று தள்ளியிருந்தார்கள். அடுத்த வருஷம் ஒரு கையெழுத்து குறைந்திருந்தது. மூன்றாவது மனுவின் தேதி, ஓரகத்தியின் புருஷன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். அந்த வாரமும் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். நாலாவது தடவைதான் கிடைத்திருக்கிறது.

கடைசித் தாள் ஓரகத்தியின் கையெழுத்தில் இருந்தது. 'என் காகிதங்களை என் கொழுந்தன் மனைவிக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை. எல்லாவற்றையும் கொடுங்கள்.' ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி.

தாளோடு வரப்பைத் தாண்டினாள்.

"அக்கா, நான் மனு போட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல கேட்டு எழுதியிருந்தாங்களே."

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். படிச்சா உனக்கே தெரியும்னு விட்டுட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஓரகத்தி சொல்லச் சொல்ல, அவசரம் தலைகுனிந்து எழுதிக்கொண்டாள்.

இரண்டு தடவை வரிசையிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். மூன்றாம் தடவை நின்று கொடுத்தாள். மறுவருஷம் அவள் வயலுக்கும் குழாய் வந்தது. அளந்து பார்க்க வந்த அதிகாரி புறப்படும்போது, "பக்கத்து வயல் அம்மா எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க பாருங்க, அதே மாதிரி வெச்சுக்குங்க," என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"சரிங்க," என்றாள்.