பதினொன்றாம் போத்தல்

எங்கள் தொழிலில் செத்ததைக் கழுவி ஊற்றுவது ஐந்து நிமிஷ வேலை. சாக மறுப்பதைப் பார்த்துக்கொள்வதுதான் முழுநேர வேலை. ஆஸ்பத்திரி விறாந்தையில் நம்பர்த் துண்டைக் கையில் பிடித்தபடி, கூப்பிடும் வரைக்கும் இருந்து முதுகு வலித்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்த விறாந்தையின் கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்குதோ என்று யோசித்தும் இருப்பீர்கள். நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவன்.

ஐஸ்காரன்

துறைமுகத்தடி ஐஸ் கொம்பனியில் முப்பது வருஷம் ஐஸ் உடைத்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கொம்பனியை மூடின நேரம், கடலைப் பார்த்தபடி இருக்கிற இந்தப் புற்றுநோய் நிலையத்தில் குளிர்ப்பெட்டி பார்க்க ஆள் தேடினார்கள். குளிரில் கை விறைக்காத ஆள் என்று என்னை எடுத்தார்கள்.

ஆய்வுகூடத்தில் இரண்டு பேர். ஒருவர் நோயாளிகளைப் பார்க்கிற டொக்டரம்மா. மற்றவர் கடலாழம் பார்க்கச் சத்தம் அனுப்பும் கருவி செய்து பழகின சிங்கள இஞ்சினியர் ருவன் மாத்தையா. வைத்தியம் பேசினால் அவருக்குப் பாதி விளங்காது, இயந்திரம் பேசினால் அம்மாவுக்குப் பாதி விளங்காது. எனக்கு இரண்டுமே விளங்காது என்பதால் மூவரும் ஒற்றுமையாக இருந்தோம்.

முதல் நாள் நைதரசன் தாங்கியைத் திறந்து காட்டினார்கள். வெள்ளைப் புகை வழிந்து காலைச் சுற்றியது. உள்ளே, நோயாளிகளின் கட்டித் துணுக்குகளை உறையவைத்த, சுண்டுவிரல் பருமனில் குப்பிகள். இதைவிடப் பெரிய பாரை மீனெல்லாம் நான் ஐஸில் வைத்தவன் என்று கொஞ்சம் பெருமையடித்தேன். டொக்டரம்மா மூடியைச் சாத்தினார்.

"நீங்கள் வச்ச மீனெல்லாம் செத்தது, சூசை அண்ணை. இதுக்குள்ள இருக்கிறது ஒண்டும் சாகேல்ல."

ஊர்ப்பேர்

சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துணுக்கைப் போத்தலில் போட்டு, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைப்போம். இரண்டு நாளைக்கு ஒருக்கால் ரோஸ் நிறத் தண்ணீர் மாற்றவேண்டும். அதுதான் சாப்பாடு. போத்தலில் ஆளின் பெயர் எழுதக்கூடாது, நம்பர் மட்டும்தான். எனக்கு நம்பர் மனதில் நிற்காது. கட்டியை வாங்கி வருகிறவனும் நானே என்பதால் ஆளின் ஊர் தெரியும். சாம்பல்தீவு, இலங்கைத்துறை என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், சிலவேளை எழுதியும் வைப்பேன். சாம்பல்தீவு ஒரு கிழமையில், ஏழே நாளில், செத்துவிட்டது. இலங்கைத்துறை அதற்கும் முதலே. பதினொன்றாம் போத்தல் மட்டும் வளர்ந்தது. அதுதான் மூதூர்.

அது மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சலீமா ரீச்சருடையது. கடிதாசியில் கையெழுத்து வைத்துத் தந்தவர். தான் போன பிறகும் வைத்திருக்கலாம், குடும்பம் வேண்டாம் என்றால் நிறுத்தவேண்டும் என்று அதில் இருந்தது. விறாந்தையில் மின்விசிறி சுழன்றாலே சால்வையால் போர்த்திக்கொள்வார், குளிர் துளியும் ஏலாது. ஒருநாள் என்னைக் கண்டு, தன்னுடையது எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூதூர் நன்றாக இருக்கிறது, நேரத்துக்கு நேரம் சாப்பாடு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரீச்சர் சிரித்தார்.

"எனக்குக் கஞ்சி கூடத் தொண்டையில இறங்குதில்ல அண்ணன். அது மட்டும் நல்லாத் தின்னுது, என?"

லோஞ்சு வரும் நேரம்

ருவன் மாத்தையா பதினொன்றாம் போத்தலுக்குக் கீழே தன் கருவியைப் பொருத்தினார். சத்தம் அனுப்பி, திரும்பி வருகிறதை வைத்து, மருந்து போட்டால் உள்ளே இருப்பது இறுகுதா இளகுதா என்று பார்ப்பதுதான் அவர்கள் இருவரின் ஆராய்ச்சி. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும்.

காலை பத்து மணிக்குக் கோடு துடித்தது. அடுத்த நாளும் அதே பத்து மணி. மூன்றாம் நாள் யன்னலால் பார்த்தேன். அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் படகு, மூதூர் லோஞ்சு, இறங்குதுறைக்குள் வந்துகொண்டிருந்தது. மூதூரிலிருந்து ஆட்கள் வந்திறங்க, மூதூர்ப் போத்தல் துடிக்கிறது. நான் சிலுவை போட்டதை ருவன் மாத்தையா கண்டுவிட்டார்.

"பயப்பட வேணாம் சூசை. லோஞ்சு மெஷின் அதிருது, கல்லு வழியா இங்க வருது. செல்லுக்குக் காது இல்லைதானே."

வெள்ளிக்கிழமை

ரீச்சர் மௌத்தான செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. பின்னேரமே அடக்கம் என்றார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். போத்தல் சுவருக்குச் சுவர் நிறைந்திருந்தது. ஒரே இரவில் அப்படி வளர்ந்ததை நான் கண்டதில்லை. இடம் போதாவிட்டால் பிரித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் நெருக்கத்தில் செத்துவிடும். இப்போது பிரிக்கிறதா விடுகிறதா என்று தெரியாமல் போத்தலோடு நின்றேன். டொக்டரம்மாவின் கண் சிவந்திருந்தது.

"அவ போனது அதுக்குத் தெரியாது அண்ணை. இரண்டாப் பிரியுங்கோ."

லோஞ்சு ஓடாத நாள்

கடல் கொந்தளித்துக் கிடந்த கிழமை. லோஞ்சு ஓடவில்லை. ஆனாலும் பத்து மணிக்குக் கோடு துடித்தது. ருவன் மாத்தையா கருவியைத் தட்டிப் பார்த்தார், வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அந்த நேரம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மழையில் நனைந்த சேட்டு உடம்பில் ஒட்ட ஒருவர், கிண்ணியா வழியாக பஸ்ஸில் வந்தவர். ரீச்சரின் கணவர் ஜப்பார் காக்கா. அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

உடம்பிலிருந்து எடுத்தது மண்ணுக்குப் போகவேண்டும், மனைவிக்குப் பக்கத்தில் அடக்கவேண்டும் என்று அமைதியாகக் கேட்டார். டொக்டரம்மா மறுக்கவில்லை. வளர்ந்தது இது ஒன்றுதான், ஒரு மருந்துக்கு அடங்கத் தொடங்கியிருக்கிறது, இரண்டு கிழமை தந்தால் நிச்சயமாகத் தெரியும், இதே நோயோடு வார்ட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். காக்கா போத்தலைப் பார்க்கக் கேட்டார். நான் கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ட சலீமாவா, சலீமாவத் திண்டதா?" என்று கேட்டார்.

அவவுடைய சதைதான் என்றும் டொக்டரம்மா சொன்னார், அவவைக் கொன்றதும் இதுதான் என்றும் சொன்னார். காக்கா போத்தலை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு, இரண்டு கிழமை வைத்திருங்கள், முடிந்ததும் ஒன்று விடாமல் என் கையில் தரவேண்டும் என்றார். நான் சத்தியம் செய்தேன், மூதூரைக் கவனமாகப் பார்த்து, ஒன்று விடாமல் தருவேன் என்று. வாசலில் திரும்பி நின்றார்.

"அத ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க அண்ணன். கூப்பிடக் கூப்பிடத்தான் அது வளருது."

ஒன்று விடாமல்

அன்றிலிருந்து பதினொன்று என்றுதான் சொன்னேன். மருந்து வேலை செய்தது. பன்னிரண்டாம் நாள் லோஞ்சு வந்து நின்றும் கோடு அசையவில்லை. டொக்டரம்மா பதினொன்று என்று இருந்த எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். பதிவுக் கொப்பியைப் பார்த்து, போத்தல் போத்தலாக நானே தேடி எடுத்தேன். எல்லாம் சேர்ந்து ஓர் அரிசிமணி அளவு. வெள்ளைச் சீலையில் சுற்றி, இறங்குதுறையில் காக்காவின் கையில் கொடுத்தேன். முடிந்துதா என்று கேட்டார். ஓம், முடிந்தது என்றேன்.

ஒரு மாதம் கழித்து நைதரசன் தாங்கியைத் துப்புரவாக்கினேன். புகைக்குள் அடித்தட்டில் ஒரு குப்பி. என் கையெழுத்தில் மூதூர் என்று இருந்தது. பிரித்த அந்த வெள்ளிக்கிழமை, எதிலும் ஒரு பங்கை எடுத்து வைக்கிற ஐஸ் கொம்பனிப் பழக்கத்தில் கொஞ்சத்தை ஒதுக்கிக் குளிரில் போட்டிருக்கிறேன். நம்பர் எழுதவில்லை, கொப்பியிலும் பதியவில்லை. பதினொன்றைத் தேடினவன் கையில் அது எப்படி அகப்படும். டொக்டரம்மாவிடம் சொன்னேன். உருக்கிச் சூட்டில் வைத்தால் திரும்ப வளருமா என்று கேட்டேன். வளரும் என்றார். அவர் ஏசினது கொஞ்சநஞ்சமில்லை. அது என் வாயாலேயே அந்த மனிதருக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார்.

காக்காவுக்குப் போன் எடுத்தேன். குளிர்த் தாங்கிக்குள் ஒரு குப்பி மிஞ்சிக் கிடந்தது, நான் செய்த சத்தியம் பொய்யாகிவிட்டது என்று சொல்லி முடித்தேன். ஏசுவார் என்று நின்றேன். மெதுவாகக் கேட்டார்.

"இவ்வளவு நாளும் குளிருக்குள்ளயா வச்சிருந்தீங்க? அவக்குக் குளிர் ஏலாதே அண்ணன்."

அடுத்த லோஞ்சில் வந்து, குப்பியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு போனார். ஐஸ் கொம்பனியில் உருகிப்போனதற்கு ஏச்சு வாங்கினவன் நான், இங்கே உருகாமல் கிடந்ததற்கு வாங்கினேன்.