காமன் எரிந்த பக்கத்தில் நிறுத்தினேன்

1. ஆறாத தேநீர், ஆறிய தேநீர்

மேசையில் நாற்பத்தாறு கோப்பை பிளேன்டீ ஊற்றி வைத்திருந்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. நான் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, வணக்கமும் சொல்லிவிட்டேன். கைதட்டல் இல்லை. எழும்புகிற கதிரைச் சத்தமும் இல்லை. கூட்டத்தில் சண்டை பிடிப்பவர்களுக்கும் தூங்குபவர்களுக்கும் என்னிடம் மருந்து உண்டு. வாசிப்பு முடிந்த பிறகும் அசையாமல் இருப்பவர்களுக்கு இருக்கவில்லை.

இடம் மலையகத்தில் மஹய்யாவ, ஒரு சிறிய ஹோல். ஞாயிறு பின்னேரம். அறுபது கதிரைகள், நாற்பத்தாறு பேர்.

முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைந்தேன். ஓய்வுக்குப் பிறகு பழைய புராணக் கதைகளைத் திருப்பி எழுதும் நாவலாசிரியன் ஆனேன். மூன்று நாவல், நாற்பத்திரண்டு மேடை. மேடைக்குப் புதிதாக வரும் எழுத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூன்றாவது நாவல் காமன் கதை. சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கிறார், மனைவி ரதி அழுது மன்றாடுகிறாள், மூன்றாம் நாள் அவன் உயிர்த்து எழுகிறான். மலையகத்தார் மாசி மாதத்தில் இதைக் கூத்தாக ஆடுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தான். நில அளவை வேலையாகத் தோட்டங்களுக்குப் போனபோது ஆறு தடவை பார்த்தேன். ஆறு தடவையும் எனக்கு அந்த மூன்றாம் நாள்தான் உறுத்தியது. என் நாவலில் காமன் எழும்புவதில்லை.

மேடையில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. காமன் எரியும் பக்கம் வரை வாசிப்பேன். "மிச்சம் புத்தகத்தில்" என்று நிறுத்துவேன். இந்த நாவலுக்கு எட்டு மேடையிலும் அது பலித்தது. மஹய்யாவையிலும் அங்கேதான் நிறுத்தினேன். ஆனால் அன்று அது வழக்கம் மட்டும் அல்ல, பயம். இவர்கள் கதையை இவர்களுக்கே மாற்றிச் சொல்லப் பயம்.

2. மூன்றாம் வரிசை

மூன்றாம் வரிசையில் கைகட்டி இருந்தவர் எழும்பினார். ஆட்டோ ஓட்டும் செல்வராஜ். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"என்ன சேர் இது? புருஷன எரிச்சிட்டு, அந்தப் பொம்பளைய சாம்பலுக்குள்ள நிப்பாட்டிட்டு, எங்கள டீ குடிக்கச் சொல்றீங்களே?"

"டீயக் கண்டா விடாத மனுசன், இன்னைக்கு இவரே தொடல, பாத்துக்கங்க சேர்" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. சிலர் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை.

கூட்டத்தை ஒழுங்கு செய்த பவானி டீச்சர் என் காதோடு சொன்னார்: "பதினொரு வருஷமா ரதி வேஷம் கட்டுறவரு சேர். சும்மா கேக்கல."

"மிச்சம் புத்தகத்தில இருக்குது, தம்பி" என்றேன்.

"புத்தகத்த வீட்டுல வாசிக்கலாம் சேர். ஆனா காமன் எரிஞ்சா எழுப்பணும். எழுப்பாம நாங்க கலையிறதில்ல. ஒரு வருஷம் கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே எழுப்பினோம். நீங்க எழுப்புறீங்களா, இல்லையா?"

பக்கங்களை எண்ணினேன். கடைசி அத்தியாயம் பதின்மூன்று பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், மொத்தம் இருபத்தாறு. ஹோல் ஐந்து மணி வரை எங்களுடையது, அப்போது நாலு பத்து. நேரத்தின் மேல் பழிபோட வழி இல்லை.

"வேணும்னா நான் நன்றியுரை சொல்லி முடிச்சிடுறேன் சேர்" என்றார் பவானி டீச்சர்.

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நாலு வருடம் எழுதிய முடிவை, அந்தக் கதையை விரதம் இருந்து ஆடுகிறவர்கள் முன் வாசிக்க முடியாவிட்டால், நான் அதை எழுதியிருக்கவே கூடாது. புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன்.

"ஓம், வாசிக்கிறன். ஆனா முதலே சொல்லிப்போடுறன். என்ரை கதையில அவன் எழும்பேல்லை."

"ஐயோ!" என்றது ஒரு குரல். பின்வரிசையில் இரண்டு பேர் வெளியே போனார்கள். மிச்சம் நாற்பத்து நாலு பேருக்கு வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். ரதி மூன்று நாள் காத்திருக்கிறாள். ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் காலை கையில் ஒட்டிய சாம்பலைக் கழுவிவிட்டுத் தன் ஒருத்திக்கு அடுப்பு மூட்டுகிறாள். அவ்வளவுதான் முடிவு.

புத்தகத்தை மூடினேன். செல்வராஜ்தான் முதலில் பேசினார்.

"அடுப்பு மூட்டுற இடம் உண்மை சேர். என் தங்கச்சி அப்படித்தான் மூட்டினா. நீங்க எழுதினது இருக்கட்டும். ஆனா எழுப்பாம நாங்க போகமாட்டோம்."

"அப்ப நீங்கள் எழுப்புங்கோ. மேடைக்கு வாங்கோ."

"மேடைக்கு வரமாட்டேன். கையில காப்பு இல்ல." விரதக் கயிறு கட்டாமல் கூத்து மேடை ஏற மாட்டார்கள். "கீழ நின்னு பாடுறேன்."

நீட்டிய மைக்கையும் அவர் வாங்கவில்லை. சட்டையும் காற்சட்டையுமாக நின்று, ரதியின் குரலில் பாடினார். யாரோ கதிரை முதுகில் தட்டித் தாளம் போட்டார்கள். நான் இறங்கி வந்து வெறும் கதிரை ஒன்றில் உட்கார்ந்தேன். பதினொரு நிமிடம். காமன் எழும்பும் அடி வந்தபோது எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன்.

பிறகு ஆறிப்போன தேநீரைக் குடித்தார்கள். தட்டில் நாற்பத்தாறு கோப்பையும் வெறுமையாகக் கிடந்தன. வெளியே போன இருவரும் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள்.

3. இப்போது செய்வது

முடிவை நான் மாற்றவில்லை. இரண்டாம் பதிப்பிலும் காமன் எழும்ப மாட்டான். ஆனால் எரிகிற பக்கத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். மாற்றி எழுதியிருந்தால், மாற்றிய இடத்தை வாசியுங்கள். அதை ஒளித்துவிட்டு மற்றதை வாசிப்பது சபையை ஏமாற்றுவது. வாசித்த பிறகு மைக்கை விட்டு இறங்குங்கள். அந்தக் கதையை உங்களுக்கு முன்பே வைத்திருப்பவர்கள் கீழே இருக்கிறார்கள்.

போன மாதம் கலகெதரயிலிருந்து அழைத்தார்கள். ஹோல் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும், போதுமா என்று கேட்டார்கள்.

"எனக்கு அரை மணித்தியாலம் போதும்" என்றேன். "மற்ற அரை மணித்தியாலத்துக்கு உங்கடை ஊரில பாடுறவையைக் கூப்பிடுங்கோ. அவை வராட்டி நானும் வரமாட்டன்."