அக்கா வயலுக்கு மேலே பறக்காத விமானம்

மேகத்துக்குள் உப்புப் புகை விட்டு மழை வரவைக்கும் விமானம் அது. அதன் இறக்கைகளில் புகைக்குழல்களை மாட்டுவதுதான் தரைப்பணியாளரான அவருக்குப் பதினோரு வருடமாக வேலை. மேகம் திரண்ட அன்று காலை அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கடலைச்செடி இன்னும் நான்கு நாள்தான் தாங்கும்.

"எங்க வயலுக்கு நேர் மேல வந்து புகை விடச் சொல்லுடா."

"அங்க விட்டா காத்து தள்ளிட்டுப் போய் பக்கத்து ஊர்ல பெய்யும்க்கா. மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் விடணும்."

"கூடப்பிறந்தவளுக்கே சாக்கு சொல்றியா?"

அவர் போனை வைத்துவிட்டு இருபத்து நான்கு குழல்களையும் மாட்டி முடித்தார். விமானம் மேற்கே போனது.

மாலையில் மறுபடி போன். அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரை தடதடத்தது.

"நாள் பூரா அண்ணாந்து பார்த்தேன், உன் பிளேன் வரவே இல்ல. மழை தானா வந்துடுச்சு."

"சந்தோஷம்க்கா" என்று சிரித்தபடி அவர் கை கழுவப் போனார்.