பக்கத்து மண்டபத்து வாசலில் எரிந்த பெயர்

போனில் வசந்தா மேடம் பெயர் வந்தது. "சொல்லுங்க மேடம், சார் எப்படி இருக்கார்?" என்றேன். பதில் சொன்னவர் அவர் கணவர் ராமநாதன் சார். "அவ போயிட்டா சார். காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கலை."

சாருடைய இதயத்தை நினைத்தே இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தோம். மேடம் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கத்திலேயே, ஒரு ஊசியும் இல்லாமல் போய்விட்டார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

தஞ்சாவூரில் எங்கள் பாலிடெக்னிக்கில் அவர் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவி. நான் பக்கத்து மேசைக்காரன். அவர் டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தை மட்டும் பிசகாமல் கணிப்பவன். இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவரிடம் படித்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? திருக்கடையூர் கதையைச் சொல்கிறேன். மானம் போனது எனக்கு என்பதால் சொல்லும் உரிமையும் எனக்கே.

சாருக்கு அங்கே அறுபதாம் கல்யாணம். சற்று முன்புதான் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்திருந்தது. "அவர் படபடப்பில்லாம மணையில உக்காந்து எழுந்தா போதும் சார்" என்றார் மேடம். நான் சும்மா இருப்பேனா? மண்டபத்து வாசலில் இருந்த எல்.இ.டி. பலகைக்குள் ஒரு புளூடூத் சில்லு உண்டு. போனில் தட்டினால் ஒயர் இல்லாமலே எழுத்தெழுத்தாக அதற்குப் போய்ச் சேரும். அதற்கு நானே ஒரு ஆப் எழுதி, ஊரெல்லாம் பீற்றியும் வைத்திருந்தேன்.

காலையில் ஆப்பில் 'இணைந்தது' என்று பச்சை விளக்கு. 'ராமநாதன் – வசந்தா' என்று அனுப்பினேன். 'சென்றது' என்றது. பலகையிலோ முந்தின நாள் தம்பதியின் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பை நீக்கி மறுபடி சேர்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையோடு ஒட்டி நின்றேன். 'டெஸ்ட்' அனுப்பினேன். ஆத்திரத்தில் 'வந்து தொலையேன்' என்றும் அனுப்பினேன். எல்லாம் சென்றது, எதுவும் வரவில்லை.

சாரின் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி பிழைச்சு வந்து உக்காந்திருக்கான். வாசல்ல எவனோ பேரு ஓடுது! இது மாறாம தாலி கட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

உள்ளே சாருக்கு வியர்க்க ஆரம்பித்தது. அபிஷேகம் முடிந்த ஈரப் புடவையோடு மேடம் வெளியே வந்தார்.

"எங்க தப்புன்னு தேடறதை விடுங்க சார். முதல்ல யாரோட பேசிட்டிருக்கோம்னு பாருங்க" என்று பலகையின் சுவிட்சை அணைத்தார். பலகை இருண்டது. ஆப்பில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"அணைஞ்ச பலகையோடவா சார் இணைஞ்சிருக்கீங்க?"

பக்கத்து மண்டபத்துக்கு ஓடினோம். அங்கே வாசலில் 'வந்து தொலையேன்' ஜொலித்தது. கீழே சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர், "நாங்க யாருக்குங்க என்ன பண்ணினோம்?" என்றார். இரண்டு மண்டபத்துக்கும் ஒரே கடைக்காரர் மாட்டிய பலகைகள். புளூடூத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அதற்குள், நான் முதலில் அனுப்பிய பெயரை அங்கே பார்த்து நம்பி எங்கள் வேன் ஒன்று வந்து இறங்கி, பந்தியில் இரண்டாம் தடவை பொங்கல் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் எங்கள் பிரின்சிபாலும் உண்டு. அங்கே கொத்சு பிரமாதம் என்று இன்றும் சொல்கிறார்.

மேடம் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் பெயரைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். பிறகு அந்தப் பலகையைச் சற்று அணைக்கச் சொல்லி, எங்கள் பலகையோடு இணைந்து புளூடூத்தில் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்: 'பெரிய நாத்தனார்'. "இனிமே தெரியாம யாரும் கை வெக்க மாட்டாங்க சார்."

எங்கள் வாசலில் 'ராமநாதன் – வசந்தா' ஓடியது. "இப்ப கட்டுடா தம்பி" என்றார் அக்கா. சார் சிரித்துக்கொண்டே கட்டினார். மேடம் விட்ட மூச்சு மேளத்தையும் தாண்டிக் கேட்டது.

பின்னொரு நாள் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளியபடி சொன்னார்: "அவர் முந்திட்டா நான் சமாளிச்சுக்குவேன் சார். நான் முந்திட்டா அவர் தாங்க மாட்டார்."

போன வாரம் அதே எண்ணுக்குப் பேசினேன். "டாக்டர் பார்த்தார் சார். நெஞ்சு நல்லா இருக்காம். அக்கா வந்து உக்காந்துட்டாங்க, மூணு வேளையும் விட மாட்டேங்கறாங்க" என்றார் சார். எனக்குப் போன உயிர் வந்தது. மேடம், நீங்கள் தப்பாகப் போட்ட ஒரே கணக்கு இதுதான்.

இப்போதும் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் திரையில் உங்கள் பெயர்தான். முன்போல் எடுத்த எடுப்பில் பேசிவிடுவதில்லை. ஒரு மூச்சு பொறுத்து, யாரோடு பேசுகிறேன் என்று பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா சார்?" என்று ஆரம்பிக்கிறேன்.