காலிப் போத்தல்

எங்க வீட்டுல கொடுத்து வச்சவன்னு ஒருத்தி உண்டுன்னா அது என் தங்கச்சிதான். நான் இல்ல. ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல லயத்துல ஒத்த அறைக் காம்பராவுல வளந்தோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணா அம்மை வந்துச்சு. எனக்கு மூஞ்சி முழுக்கத் தழும்பு, அவளுக்கு முதுகுல, அதுவும் தேடிப் பாக்கணும். என்னப் பொண்ணு பாக்க வந்தவரு, தேத்தண்ணி கொண்டு வந்த அவளப் பாத்துட்டு அவளக் கேட்டாரு. அம்மா யோசிக்கக்கூட இல்ல, உடனே சரின்னுட்டா. எனக்குன்னு அதுக்கப்புறம் யாரும் வரவும் இல்ல. அந்த மாப்பிள்ள வீட்டுலதான் கட்டுகஸ்தோட்டையில நானும் இருக்கேன். நல்ல மனுசன், பஸ் ஓட்டுறாரு. வாயத் தொறக்குறதே சாப்பிடத்தான்.

ஒரே ஒரு விசயத்துல ஆண்டவன் ஓரவஞ்சன பண்ணல. ரெண்டு பேருக்கும் கர்ப்பப்பையில கட்டி. மாசா மாசம் ரத்தம் கொட்டும். நான் வேல செய்யிற புடவக் கடையில கல்லாவுல உக்காந்தபடியே ரெண்டு தடவ மயங்கி விழுந்திருக்கேன். கிளினிக்குல கர்ப்பப்பைய எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளைக்கு ரெண்டு தடவ லீவு கெடைக்காது, ஒரே நாள்ல போட்டுக் குடுங்கன்னு தங்கச்சி பெரிய டொக்டர்கிட்ட கெஞ்சினா. அவ கெஞ்சினா யாரு மறுப்பா? அடுத்தடுத்த கட்டில், அடுத்தடுத்த ஒப்பரேசன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் ஒரு சின்ன வயசு சிங்கள டொக்டர் வந்தாங்க. ஆராய்ச்சி செய்யிறவங்க. தேடித் தேடித் தமிழ் பேசினாங்க, ஆனா தெளிவாத்தான் சொன்னாங்க. ஒப்பரேசன்லயும் அதுக்குப் பொறகும் போற ரத்தத்தக் கொறைக்க ஒரு ஊசி மருந்து இருக்காம். இந்த ஒப்பரேசனுக்கு அது எவ்வளவு ஒதவுதுன்னு பாக்குறாங்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, ஊசி போடுறவருக்கும் தெரியாது. வயித்துலருந்து ஒரு குழாய் வெளிய வரும், அதோட நுனியில ஒரு போத்தல். அதுல வடியிற ரத்தத்த அளப்பாங்க. விருப்பமில்லன்னா சேர வேணாம், வைத்தியத்துல ஒரு கொறையும் வராதுன்னாங்க.

தங்கச்சி உடனே கையெழுத்துப் போட்டுட்டு எம்பக்கம் திரும்பினா.

"நீ வேணாம்னு சொல்லிடுக்கா. ஒனக்குத் தண்ணிதான் வரும்."

வாய்க்கொழுப்பப் பாருங்க! பேனாவ அவ கையிலருந்து புடுங்கி நானும் போட்டேன்.

முதுகுல ஊசி போட்டுத்தான் அறுத்தாங்க, அதனால நெனவு இருந்துச்சு. பகல் பாக்க வர்ற நேரத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் வாட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. எனக்குச் சுவத்தோரக் கடைசிக் கட்டில், அவளுக்கு அதுக்கு அடுத்தது.

அந்த வாட்டுல ஒரு கோர்ட்டு நடந்துச்சு. எதிர்க் கட்டில்ல கலகெதரயிலருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா, அவங்கதான் நீதவான். போத்தல்ல ரத்தம் கொறைவா இருந்தா மருந்து, கூட இருந்தா தண்ணி. டொக்டரே தெரியாதுன்னு சொன்னத இந்தப் பொம்பளைங்க கண்டுபுடிச்சு வச்சிருந்தாங்க! பாக்க வர்ற சனமும் நோயாளி மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு கட்டிலுக்கு அடியில போத்தலப் பாத்துச்சு. தண்ணி கெடச்சவளுக்கு ஒரு உச்சுக்கொட்டல், மருந்து கெடச்சவளுக்கு ஒரு சிரிப்பு.

கலகெதர அம்மா வயித்தப் புடிச்சிகிட்டு மெல்ல நடந்து வந்தாங்க. மொதல்ல தங்கச்சி போத்தல். பாதிக்கு மேல செவப்பு. அப்புறம் என்னோடது. அடியில கொஞ்சம் கறை மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

"மூத்தவங்களுக்கு மருந்து கெடச்சிரிக்கி," ன்னாங்க. "பாவம், எளையவங்களுக்குத் தண்ணி."

என் உசுரு இருக்குற வரைக்கும் அந்த நிமிசத்த மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோசம். வயித்தக் கிழிச்சுத் தச்சுப் போட்டிருக்காங்க, நான் படுத்துகிட்டுச் சிரிக்கிறேன். தங்கச்சி மூஞ்சி சுண்டிப் போச்சு. பொறந்ததுலருந்து ஒரு தடவகூட அவ தோத்ததில்ல, பாவம், தோக்கத் தெரியல.

"கவலப்படாதடி," ன்னேன். "தண்ணியும் நல்லதுதான், தாகத்துக்கு."

பக்கத்துக் கட்டில்காரங்க சிரிச்சாங்க. சோத்துப் பார்சலும் பிளாஸ்க்குமா வந்த மாப்பிள்ள ரெண்டு போத்தலையும் மாறி மாறிப் பாத்தாரு. "அக்காவுக்கு நல்லா இருக்கு" ன்னு வாயத் தொறந்து சொன்னாரு. அத்தன வருசத்துல அந்த மனுசன் என்னப் பத்திச் சொன்ன ஒரே நல்ல வார்த்த. தங்கச்சி அழுதா. அழட்டும்னு இருந்தேன்.

வந்தவங்க போன பொறகு கலகெதர அம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எதிர்க் கட்டில் காலி. தங்கச்சி அட்டெண்டன்டக் கூப்பிட்டு, எங்க ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல சக்கரம் வச்ச திரையத் தள்ளி வைக்கச் சொன்னா. நர்ஸ் மிஸ்மார் மேசையும் அந்தப் பக்கந்தான். இந்தப் பக்கம் சுவரும் நானும். நான் தூங்கணும்னு நெனக்கிறா போலன்னு நெனச்சேன். என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்னு கொஞ்சம் மனசு எளகினேன், முட்டாள்.

கொஞ்ச நேரத்துல வயிறு கல்லா இறுகிச்சு. குளுருச்சு. நாக்கு காஞ்சு ஒட்டிகிச்சு. சுவத்துல இருந்த பல்லி ரெண்டா தெரிஞ்சுச்சு. எட்டிப் போத்தலப் பாத்தேன், காலி. அப்ப ரத்தம் போகல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு நானே என்னச் சமாதானப்படுத்திகிட்டேன். அந்தக் கோர்ட்டுத் தீர்ப்ப நானும்தான் நம்பினேன்.

முடியாமப் போகவும் கூப்பிட்டேன். "தங்கச்சி... ஒரு மாதிரி வருதுடி. மிஸ்ஸக் கூப்பிடு."

திரைக்கு அந்தப் பக்கத்துலருந்து கொரல் மட்டும் வந்துச்சு. "மருந்து கெடச்சவளுக்கு என்ன கொறச்சல்? பேசாமப் படு."

ஒப்பரேசன் தியேட்டர்லருந்து இன்னொரு பொம்பளயக் கொண்டு வந்தாங்க, மிஸ்மாரெல்லாம் அங்க ஓடினாங்க. அதுக்குப் பொறகு ஒரு மிஸ் எங்க பக்கம் வர்ற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. "அக்கா கொஹொமத?" ன்னு கேட்டாங்க. அக்கா எப்பிடி இருக்கான்னு, என்னப் பத்தித்தான்.

"தூங்குறா மிஸ். எழுப்ப வேணாம்."

நல்லாக் கேட்டுச்சு எனக்கு. கத்தணும்னு பாத்தேன். நாக்கத் தூக்க முடியல. செருப்புச் சத்தம் திரும்பிப் போச்சு. நான் சாகப் போறேன், நாசமாப் போன இந்தத் திரைக்குப் பின்னால சாகப் போறேன்னு தெளிவாத் தெரிஞ்சுச்சு.

சாயந்தரம் அந்த ஆராய்ச்சி டொக்டர் போத்தல் அளக்க வந்தாங்க. திரைய ஒதுக்கினாங்க. என் காலிப் போத்தலப் பாத்துட்டுச் சிரிக்காத ஒரே ஆளு அவங்கதான். குனிஞ்சு குழாய விரலால நீவிப் பாத்தாங்க. என் கண்ணு ரெப்பைய இழுத்துப் பாத்தாங்க. வயித்துல கை வச்சாங்க. அடுத்த நிமிசம் அவங்க போட்ட சத்தத்துல வாட்டே நடுங்கிச்சு.

குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடச்சுகிச்சாம். போத்தலுக்கு வர வேண்டியதெல்லாம் வயித்துக்குள்ளயே நெறஞ்சிருச்சு. உள்ள கட்டின நூல் ஒண்ணு நழுவியிருந்துச்சாம். தச்ச எடத்தையே மறுபடி பிரிச்சு, கட்டி, யாரு யாரோ குடுத்த ரத்தத்தப் பையி பையியா ஏத்தி என்னத் திருப்பிக் கொண்டு வந்தாங்க.

கண்ணு முழிச்சப்ப தங்கச்சி கால்மாட்டுல நின்னா. அவளுக்குக் குழாயெல்லாம் கழட்டியாச்சு, தலவாரிப் பொட்டும் வச்சிருந்தா.

"நீ போயிருந்தா ஊரு என்னத்தானேக்கா ஏசியிருக்கும்," ன்னா.

நான் கண்ண மூடிகிட்டேன்.

ஆராய்ச்சி முடிய மாசக்கணக்காச்சு. விருப்பப்பட்டா யாருக்கு எது குடுத்ததுன்னு இப்ப சொல்லலாம்னு கிளினிக்குல எங்க ரெண்டு பேருகிட்டயும் அந்த டொக்டர் சொன்னாங்க. எனக்குத் தெரியணும்னேன். பாத்துச் சொன்னாங்க. எனக்கு மருந்து. தங்கச்சிக்கு உப்புத்தண்ணி. நூல் நழுவினா வர்ற ரத்தத்த எந்த மருந்தும் நிறுத்தாது அக்கா, மருந்து மேல குத்தமில்லன்னு ரொம்பப் பொறுமையா வெளங்கப்படுத்தினாங்க.

கட்டுகஸ்தோட்ட பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் தங்கச்சி சிரிக்க ஆரம்பிச்சா. வயிறு குலுங்கச் சிரிச்சா.

"பாத்தியாக்கா, மருந்தே கெடச்சும் ஒனக்கு ஒட்டல. நான் வெறுந்தண்ணியில எந்திரிச்சு நடந்துட்டேன்."

பாலத்துக்கு முன்னாடி பஸ் நெரிசல்ல நின்னுச்சு. அப்பத்தான் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்டி அந்தத் திரைய வைக்கச் சொன்ன?"

நீ தூங்கணும்னுதான்னு சொல்லுவான்னு எதிர்பாத்தேன். அந்தப் பொய்யே எனக்குப் போதுமா இருந்திருக்கும். அவ சன்னல் வழியா ஆத்தப் பாத்துகிட்டிருந்தா.

"ஒன் போத்தல் காலியா இருந்துச்சு. அதப் பாத்துகிட்டுப் படுத்திருக்க முடியல."

"நான் தூங்குறேன்னு மிஸ்கிட்டச் சொன்னியே?"

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு." கண்ண ஆத்துலருந்து எடுக்கல. "கெடக்கட்டும் கொஞ்ச நேரம்னு இருந்தேன்."

எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல. அவ போத்தல் காலியா இருந்து, என்னோடது நெறஞ்சு கெடந்து, அவ கொரல் திரைக்குப் பின்னாலருந்து கேட்டிருந்தா, நான் மட்டும் என்ன பண்ணியிருப்பேன்? அதத்தான் பாலம் தாண்டுற வரைக்கும் யோசிச்சேன். பதில் நல்லதா வரல.

எறங்குற எடம் வந்துச்சு. அவ மொதல்ல எறங்கி என்னப் பாத்துக் கைய நீட்டினா. ரெண்டு தடவ பிரிச்ச வயிறு எனக்கு, பஸ் படி எறங்குறதுன்னா இன்னும் உயிரு போயி வரும். நான் கம்பியப் புடிச்சிகிட்டு எறங்கினேன்.