புழு விளையாட்டின் கடைசி வரி

கால்குலேட்டரின் நான்கு பேட்டரிகளையும் ஒரேயடியாகக் கழற்ற மாட்டாள். ஒன்றை எடுத்து, அந்தக் குழியில் புதியதைப் பொருத்திய பிறகே அடுத்தது. அதுவரை மூச்சுகூட விடுவதில்லை. "பேசாம இரு சித்தி, மெமரி போயிடும்." நான் பேசினால் அது எப்படிப் போகும் என்று கேட்டால் முறைப்பாள்.

என் அக்காவின் ஒரே மகள், பதினேழு வயது. தன் நிழலைக் கண்டே பயப்படுகிற ரகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கும் நிறுத்தத்தில் தானும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பாள்.

வரைபடம் போடும் அந்தக் கால்குலேட்டர் கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. கண் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும். மேசைக்கு அடியில் கட்டைவிரல்கள் இரண்டும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் புரோகிராம் எழுதி, புள்ளிகளைத் தின்று வளரும் ஒரு புழுவை அதன் திரையில் ஓடவிட்டாள். புழு அழகாக நெளிய வேண்டும் என்பதற்காக, முதல் வரியிலேயே கோண அளவை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றியிருந்தாள். தோழி ஒருத்தி கேபிளைச் செருகித் தன் கால்குலேட்டருக்கு வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. இரண்டே நாளில் வகுப்பு முழுக்கப் புழு.

"நான் யாருக்கும் குடுக்கல சித்தி, அதுவா போயிடுச்சு" என்று நடுங்கினாள். காரணம் இருந்தது. "கால்குலேட்டர்ல விளையாட்டு ஏத்தினது யாருன்னு தெரிஞ்சா, பரீட்சை ஹாலுக்குள்ள விடமாட்டேன்" என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர், போன வருடம் ஒரு பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்.

சென்ற வியாழக்கிழமை முக்கோணவியல் பரீட்சை. அக்காவுக்குக் காலை ஷிப்ட் என்பதால் நான்தான் காரில் கூட்டிப்போனேன். பதற்றம் தணிய வழியெல்லாம் புழுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பள்ளி வாசலில் நிறுத்தியதும், எப்போதும் செய்வதுபோல் சைன் முப்பது போட்டுப் பார்த்தாள். அரை வர வேண்டும். மைனஸில் ஏதோ வந்தது. முகம் வெளிறிவிட்டது.

"கடைசியில திரும்ப டிகிரிக்கு மாத்துற வரியைப் போடவே இல்ல சித்தி. விளையாடிட்டு வெளிய வந்தா ரேடியன்லயே நிக்கும். எல்லாரும் காலையில விளையாடிட்டுதான் உள்ள போயிருப்பாங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பத்தைந்து பிள்ளைகள், அத்தனை பேருக்கும் விடை தப்பாக வரும். கோபுரத்தின் உயரம் மைனஸில் வந்து அது பூமிக்குள் இறங்கினால்கூட, அவசரத்தில் அப்படியே எழுதிவைத்துவிட்டு வருவார்கள்.

"உன்னோடதை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"அப்ப பேசாம போய் எழுது. யாருக்குத் தெரியப்போகுது?"

சொன்னது நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது. இந்தப் பரீட்சை கைவிட்டுப் போனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியும் போய்விடும் என்கிற பயம் எனக்கு.

மணி அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. இறங்கி நடந்தாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. இனி அங்கே யாரும் யாரோடும் பேசக் கூடாது. ஹால் வாசலில் டீச்சர் வினாத்தாள் கட்டோடு நின்றிருந்தார்.

"ஏன் லேட்டு? உள்ள போ."

அவள் போகவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"எல்லாரையும்... டிகிரிக்கு மாத்திக்கச் சொல்லுங்க டீச்சர்."

"ஏன்? என்னாச்சு?"

அதற்குமேல் அவளுக்குக் குரல் எழவில்லை. கால்குலேட்டரில் புழுவை ஓடவிட்டாள். திரை டீச்சர் பக்கம் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.